ஓலை நின்ற பக்கம்

அந்த நாவலின் நடுவில் ஒரு பனையோலைக் கீற்று இருக்கிறது. பச்சையாக வைத்தது, இப்போது காய்ந்து பழுப்பாகிவிட்டது. வைத்தவர் என் சின்னம்மா.

கம்பஸ் இரண்டாம் வருடத்தில் பாடமாக வந்த நாவல் அது. எழுதியவர் ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண். வெள்ளைக்காரர் வீடுகளில் தரை துடைத்தவர். அந்த வாழ்க்கையையே, ஓரிடத்திலும் அழாமல் எழுதியிருந்தார். புத்தகம் வந்ததும் சொந்தச் சனமே அவருடன் கதைப்பதை நிறுத்திவிட்டதாம். ஊருக்குப் பயந்தால் எழுத ஏலாது என்று நான் பெரிய ஆள்போலச் சொல்லித் திரிந்தேன். விடுமுறைக்கு நெடுந்தீவுக்குப் போனபோது, பனையோலையில் பெட்டி இழைத்துக்கொண்டிருந்த சின்னம்மாவுக்கு அதைத் தமிழாக்கி வாசித்தேன். அரபு நாடொன்றில் ஒன்பது வருடம் வீட்டுவேலை செய்து திரும்பியவர் அவர். வேலைக்காரப் பெண்ணின் பெயர் வாயில் வரவில்லை என்று எசமானி வேறு பெயர் வைக்கும் இடத்தில் சின்னம்மா சிரித்தார். "என்னையும் அங்க மேரி எண்டுதான் கூப்பிட்டவையள். நானும் ஓமெண்டு ஓடினனான்."

அடுத்த அத்தியாயத்தில் எசமானி சூடான அயன்பெட்டியை எறிகிறாள். சின்னம்மா தாங்கமாட்டார் என்று நானாக முடிவுசெய்து அதைத் தாண்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கண் தெரியும்.

"ரெண்டு தாளை ஒண்டாப் பிரட்டிப்போட்டாய் பிள்ளை. கள்ளம் செய்யாமல் வாசி."

வாசித்தேன். முடிந்ததும் சட்டைக் கையை உயர்த்தி ஒரு தழும்பைக் காட்டினார். சமைக்கும்போது எண்ணெய் தெறித்தது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த தழும்பு. "ஊருக்கு எண்ணெய்தான். அது அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

நாவலைப் பற்றிய என் கட்டுரையில் அந்தத் தழும்பை எழுதினேன். பெயர் போடவில்லை, நெடுந்தீவு, சின்னம்மா என்று மட்டும் போட்டேன். நெடுந்தீவில் அதுவே போதும் என்பது எனக்கு உறைக்கவில்லை. மாணவர் சஞ்சிகையில் அச்சாகி, அது வள்ளத்தில் வந்து இறங்கியது. பெண்கள் ஒவ்வொருவராக, துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்து அவர் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த விடுமுறைக்குப் புத்தகத்தோடு போனேன். சின்னம்மா ஏசவில்லை. இழைத்துக்கொண்டிருந்த ஓலையில் ஒரு கீற்றைக் கிழித்து, முன்பு நாங்கள் வாசித்து நிறுத்திய பக்கத்தில் வைத்து, புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"அந்த மனிசி எழுதினது தன்ர கதையை. நீ எழுதினது என்ர கதையை."

இப்போதும் போகும்போதெல்லாம் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன். சின்னம்மா தேத்தண்ணி தருகிறார், வரும்போது வள்ளத்தைக் கடல் அடித்ததா என்று கேட்கிறார். மணிக்கட்டுவரை மூடிய சட்டைதான் இப்போது போடுகிறார். கதையில் அந்தப் பெண் கடைசியில் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அந்த வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அது எனக்குத் தெரியும், சின்னம்மாவுக்குத் தெரியாது. ஓலை அதே பக்கத்தில் இருக்கிறது. வாசி என்று அவர் இன்னும் சொல்லவில்லை.