உல்டா எழுத்து

கிளியர் ஸ்டாம்ப் என்ற சமாச்சாரம் எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. பார்க்க அரைகுறையாய்க் காய்ந்த ஜவ்வரிசி வடாம் மாதிரி இருக்கும். அதைப் பிளாஸ்டிக் தாளிலிருந்து உரித்து, கண்ணாடி போன்ற ஒரு கட்டையில் ஒட்டி, மை தொட்டு அடிக்க வேண்டும். அடித்த பிறகு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துடைத்து, மறுபடி தாளிலேயே படுக்க வைக்க வேண்டும். இவ்வளவு சீராட்டு நான் பெற்ற பிள்ளைகளுக்கே நடந்ததில்லை.

ரப்பர் ஸ்டாம்ப் அப்படியில்லை. மரக்கட்டை கையில் கனமாக உட்காரும். மையை ஒழுங்காக வாங்கும், மெல்லிய கோட்டையும் விடாமல் கொடுக்கும். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பதினாலு வருஷம் கிராஃப்ட் டீச்சராக இருந்தவள் நான். எங்கள் சர்ச்சுக்குக் கிறிஸ்துமஸ் கார்டு முழுக்க என் கையால்தான் போகும், எல்லாம் ரப்பரில். கிளியரோ, ஜன்னலைத் திறந்து வைத்தால் ஜிஎஸ்டி ரோட்டுத் தூசி மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு, கட்டையில் ஒட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கொஞ்சம் அழுத்தினால் எழுத்தெல்லாம் அம்மைக்கட்டு வந்த மாதிரி வீங்கிவிடும். இதையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் நான் பிரசங்கமே செய்திருக்கிறேன்.

அந்தப் பிரசங்கத்தை அதிகம் கேட்டவர் கணக்கு டீச்சர். அவர் மகளுக்கு நிக்காஹ் முடிவானது. அந்தப் பெண் பொத்தேரியில் காலேஜ் படித்தவள். கூடப் படித்தவர்களுக்கு மட்டும் அறுபது கார்டு கையால் செய்து தர வேண்டும், மணமக்கள் பெயர் தமிழில் ஸ்டாம்பாக விழ வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"ஆன்ட்டி, கிளியர்லயே செய்யலாம். எங்க விழும்னு மேல இருந்தே தெரியும்ல?"

எங்கே விழும் என்று தெரியாதவர்கள் ஸ்டாம்பைத் தொடவே கூடாது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கல்யாணப் பெண்ணாயிற்றே என்று, "சரி கண்ணு" என்றேன்.

கணக்கு டீச்சரின் கணவருக்கு, அதாவது பெண்ணின் அப்பாவுக்கு, பல்லாவரத்தில் தோல் பொருள் கம்பெனி. கம்பெனியின் சீல் எல்லாம் மேற்குத் தாம்பரத்தில் ஒரே கடையில்தான் செய்வார்கள். "நம்ம வேலையிலதான் அவர் கடையே ஓடுது டீச்சர். என் பேரைச் சொல்லுங்க, நல்லா செஞ்சு தருவார்" என்றார்.

ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்குத்தான் கடை. அந்தக் கடைக்காரர் கிளியர் ஸ்டாம்ப் செய்யப் புதிதாகப் பாலிமர் மெஷின் வாங்கி வைத்திருந்தார். செய்து முடித்த ஸ்டாம்பைக் கட்டையில் ஒட்டியே என் கையில் கொடுத்தார். மேலிருந்து பார்த்தேன். இரண்டு பெயரும் சுத்தமாக, நேராகப் படிக்க வந்தன. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்டாம்பில் எழுத்து உல்டாவாகத்தான் இருக்கும் என்பது என்னிடம் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும்.

"என்னங்க, எழுத்து நேரா இருக்கு? அடிச்சா உல்டாவா விழாதா?"

"இல்ல மேடம், இது கண்ணாடி மாதிரி கீது. நீங்க முதுகுப் பக்கத்துலேர்ந்து பாக்குறீங்கோ, அடியில உல்டாவாத்தான் கீது. ஒரு தபா அடிச்சுப் பாருங்க."

"பதினாலு வருஷமா ஸ்டாம்ப் பிடிக்கிற கைங்க இது. எனக்குப் பாடம் எடுக்காதீங்க. மாத்திக் குடுங்க."

பின்னால் இரண்டு பேர் அட்டெஸ்டேஷன் சீலுக்குக் காத்திருந்தார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். முக்கால் மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். அதையும் நான் அடித்துப் பார்க்கவில்லை. மேலிருந்து பார்த்தால் எழுத்து உல்டாவாக இருந்தது, அது போதும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, கிளியர் எப்பேர்ப்பட்ட பம்மாத்து என்று ஒரு சின்ன உரை ஆற்றிவிட்டு முதல் கார்டை அடித்தேன். எடுத்துப் பார்த்தால் இரண்டு பெயரும் வலமிருந்து இடமாக ஓடின. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கார்டை வாங்கி, "அரபியா இது?" என்று நிஜமாகவே கேட்டார். கூடம் சிரித்தது. தப்பு யாருடையது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"கடைக்காரர் உல்டாவா செஞ்சு வச்சிருக்கார்" என்றார் பெண்ணின் அப்பா. 'இல்லை, நான்தான் மாற்றச் சொன்னேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் மைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். கார்டைக் கவுன்ட்டரில் போட்டார். கடைக்காரர் கார்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாய், மேடம்தான் இன்னா சொன்னாங்கோன்னா..."

"அவங்க பதினாலு வருஷமா இதே வேலையில இருக்காங்க. அவங்களா உல்டாவா செய்யச் சொல்லுவாங்க?"

"நீங்களே சொல்லுங்க மேடம்."

இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன். "அவசரத்துல மாறியிருக்கும் சார், விடுங்க. பெரிசு பண்ணாதீங்க" என்றேன். பெரிய மனசுக்காரி மாதிரி, அவருக்காகப் பரிந்து பேசுகிற குரலில். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே அசிங்கமான வாக்கியம் அதுதான்.

கடைக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முதலில் செய்த ஸ்டாம்ப் அதில் ஒட்டியிருந்தது. அவரே உரித்து, கட்டையில் ஒட்டி, வெள்ளைத் தாளில் அடித்துக் காட்டினார். இரண்டு பெயரும் நேராக, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் விழுந்தன. சொல்லப்போனால் என் ரப்பரைவிடத் துல்லியமாகவே விழுந்தன.

இதைப் பார்த்தாவது பாய் புரிந்துகொள்வார் என்று கடைக்காரர் நினைத்தார் போல. பெண்ணின் அப்பாவுக்குக் கோபம்தான் கூடியது. "சரியானதை உள்ள வச்சுக்கிட்டு, தப்பானதை எடுத்துக் கொடுத்திருக்கீங்க. கல்யாண வேலையிலேயே இப்படின்னா கம்பெனி சீலை எப்படி நம்புறது? இனிமே நம்ம வேலை எதுவும் உங்களுக்குக் கிடையாது."

கடைக்காரர் ஸ்டாம்பைத் துடைத்து, காகிதத்தில் மடித்து, என் கையில் வைத்தார். "எடுத்துகினு போங்க மேடம். பொண்ணு கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்றார்.

"தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டேன்.