நாலடி பதினொன்றுக்கு ஒரு பிஸ்டல்

முதல் தேர்வில் நான் தோற்றதும் எனக்கு ஆறுதல் சொன்ன எல்லாருமே என் உயரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நாலடி பதினொரு அங்குலம். நிறை நாற்பத்திரண்டு கிலோ, அதுவும் குளிர்கோட்டோடு. "உன் கைக்கு அந்தத் துப்பாக்கி பெரிது" என்றார் ஒருவர். "பெண்களுக்கென்று சின்னச் சின்ன அழகான துப்பாக்கிகள் இருக்கின்றனவே" என்றார் இன்னொருவர். தோற்றதைவிட அந்த ஆறுதல்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பௌதிகத்தில் மேற்படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து, லிட்கமில் அண்ணாவின் வீட்டில் தங்கியிருந்தேன். ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த ஒருத்தி ஒரு சனிக்கிழமை என்னைச் செவன் ஹில்ஸுக்கும் அப்பால் இருந்த பிஸ்டல் கிளப்புக்குக் கூட்டிப்போனாள். குண்டுகளைத் தடுக்க மண்மேடு ஒன்று, தகரக் கூரை, அதன் கீழே நீளமான ஒரு மேசை. வேறு ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. எனக்கோ பிடித்துப்போயிற்று. மூச்சு கொஞ்சம் பிசகினால் அந்தப் பிசகு இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் இலக்கு அட்டையில் ஒரு ஓட்டையாக விழுகிறது. அதற்கு ஒரு எண்ணும் போடுகிறார்கள். இதைவிட நேர்மையான விளையாட்டு எது?

அண்ணாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு துவக்கு? ரெனிஸ் விளையாடன்."

"ரெனிஸுக்கு உயரம் வேணும் அண்ணா."

"துவக்குக்கு வேண்டாமோ?"

கிளப்பின் விதி இதுதான். புதியவர்கள் ஆறு மாதம் கிளப்பின் துப்பாக்கிகளால் பழக வேண்டும். பிறகு தேர்வு: முப்பது குண்டு, முந்நூறு புள்ளி. இருநூற்றுப்பத்து எடுத்தால், சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்குவதற்குப் பொலிஸிடம் காட்டும் கடிதம் கிடைக்கும். இரண்டு தடவை மட்டுமே முயலலாம். இரண்டாவதும் தவறினால் ஒரு வருடம் வெளியே நிற்க வேண்டும். என் புலமைப்பரிசிலோ அந்த ஆண்டுக் கடைசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு நான் எந்த நாட்டில் இருப்பேன் என்பதே நிச்சயமில்லை. முதல் தடவை நூற்று அறுபத்து மூன்று எடுத்திருந்தேன். அடுத்த தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

சின்ன ஆளுக்குச் சின்னத் துப்பாக்கி என்ற கணக்கை முதலில் நானும் நம்பினேன். ஒருவர் தன்னுடைய குட்டி ரிவோல்வரைத் தந்து சுட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளங்கைக்குள் அடங்கியது, பார்க்க அழகுதான். ஆனால் வெடித்ததும் குதித்தது பாருங்கள், மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது. படித்த பௌதிகம் அப்போதுதான் உறைத்தது. துப்பாக்கியின் நிறை குறைந்தால் உதை கூடும். குழல் குட்டையானால், குறிபார்ப்பதில் விடும் சின்னத் தவறும் அட்டையில் பெரிய தவறாகும். மெலிந்த ஆளுக்குத் தேவை நேர் எதிரானது: பாரமான, நீளக் குழல் வைத்த, ஆனால் கைப்பிடி மட்டும் ஒல்லியான ஒன்று. சுட்டுவிரல் நீட்டாமலே விசையில் படியவேண்டும், அவ்வளவுதான்.

கிளப்பின் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தது. பொயின்ற் இருபத்திரண்டு அளவுக் குண்டு போடும் வகை, ஒரு கிலோவுக்கு மேல் பாரம். மற்றவற்றின் மரக் கைப்பிடிகளில் வலது பெருவிரலை வைக்க ஒரு திட்டு செதுக்கியிருக்கும். இதில் அதுவும் இல்லை, மொட்டைக் கைப்பிடி. யாரும் தொடமாட்டார்கள். நான் அதை எடுத்ததும் மேசையருகே நின்ற இரண்டுபேர் சிரித்தார்கள்.

பாரமான துப்பாக்கி குதிக்கவில்லை. என் ஓட்டைகள் நெருங்கி வந்தன. ஆனால் எல்லாம் அட்டையின் ஒரு ஓரத்தில் கூட்டமாகப் போய் உட்கார்ந்தன. குழல்மேல் உள்ள குறிகாட்டியைத் திருகிச் சரிசெய்தால் அடுத்த தடவை வேறொரு பக்கம். இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

மூன்றாவது ஞாயிறு அண்ணா ஒரு பழைய டட்சன் கார் வாங்கிவந்தார். ஊருக்கு அனுப்பப் படம் எடுக்கவேண்டுமாம். கமராவை என்னிடம் தந்துவிட்டு, காரில் சாய்ந்து பெரிய முதலாளி மாதிரி நின்றார்.

"என்னடி செய்யிறாய்? ஏன் இடக்கண்ணால பாக்கிறாய்? மூக்கு இடிக்குதல்லோ."

"வலக்கண்ணால பாத்தா ஒண்டும் பிடிபடுதில்லை."

"சின்னனிலயும் இப்பிடித்தானே. சோத்துக்கையை விட்டிட்டு மற்றக் கையால சாப்பிடுவாய். அம்மா அந்தக் கையில வேப்பெண்ணெய் பூசி விட்டவ. நீ அதையும் நக்கினனி."

எனக்கு அது அறவே ஞாபகமில்லை. கமராவைக் காரின் கூரையில் வைத்துவிட்டு, எதிர்வீட்டு அஞ்சல் பெட்டிக்கு நேராகப் பெருவிரலை நீட்டினேன். வலக்கண்ணை மூடினேன், விரல் அசையாமல் பெட்டியிலேயே நின்றது. இடக்கண்ணை மூடினேன், விரல் துள்ளி அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிற்று. என் கண் இடம். என் கையும் இடமாகத்தான் பிறந்தது. ஐந்து வயதுக்கு முன்னரே அதை வலமாக்கிவிட்டார்கள். அன்று தொடக்கம் சாப்பிடுவது, எழுதுவது, திருநீறு பூசுவது எல்லாம் வலக்கையால்தான். கிளப்பிலும் வலக்கையில்தான் துப்பாக்கி, கண்ணும் கையும் ஒத்துப்போகாமல்தான் ஓட்டைகள் ஓரத்துக்குப் போயின. யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

"படத்தை எடு பிள்ளை, வெய்யில் போகுது" என்று அண்ணா கத்தினார். நான் வாசலில் நின்று குதித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த மொட்டைக் கைப்பிடியை இடக்கையில் பிடித்தேன். திட்டு இல்லாத கைப்பிடி எந்தக் கைக்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் ஐந்து குண்டும் கறுப்பு வட்டத்துக்குள். பின்னால் நின்று பார்த்த மேற்பார்வையாளர், எந்நேரமும் தொப்பியோடு இருக்கும் ஒரு கறாரான மனிதர், "கைப்பிடியைக் காட்டு பார்ப்போம்" என்று கையை நீட்டினார்.

அப்போது நான் செய்ததை எங்கள் ஆட்கள்தான் செய்வார்கள். பெரியவர் ஒருவருக்கு இடக்கையால் ஒரு பொருளைக் கொடுப்பதாவது! யோசிக்க முன்னமே துப்பாக்கியை வலக்கைக்கு மாற்றி, திரும்பி, மரியாதையாக நீட்டினேன். உள்ளே குண்டு இல்லை, குண்டு போடும் அடைப்பும் திறந்திருந்தது. இருந்தாலும் குழல், பக்கத்தில் நின்றவரின் வயிற்றைக் கடந்து போய்விட்டது.

அவர் போட்ட சத்தத்தில் தளம் முழுவதும் சுடுவதை நிறுத்திவிட்டது. துப்பாக்கியை மேசையில் வைக்கச் சொன்னார். "இன்னொரு தடவை குழல் மண்மேட்டைவிட்டு விலகினால், உன் புள்ளி என்னவானாலும் வீட்டுக்குப் போகலாம்" என்றார். இடக்கையால் கொடுத்தால் எங்களில் மரியாதையில்லை என்று விளக்கினேன். அதற்கு அவர், "இங்கே மரியாதை என்றால் குழலை மேட்டுக்கு நேரே வைத்திருப்பது" என்றார். நியாயம்தான்.

மீதி இரண்டு வாரமும் வீட்டில் பயிற்சி. நிரம்பிய பால் போத்தல் ஏறத்தாழ அந்தத் துப்பாக்கியின் பாரம். காலையில் பால்காரன் வைத்துவிட்டுப் போனதும், குசினியில் அடுப்பருகே நின்று அதை இடக்கையால் நீட்டிப் பிடித்து அறுபது எண்ணுவேன். வாரக் கடைசியில் தொண்ணூறு. அந்த மரியாதைப் பழக்கத்தை உடைப்பதுதான் இன்னும் கடினமாக இருந்தது. அதற்காக அண்ணாவுக்குத் தேத்தண்ணி, பேப்பர், கார்த் திறப்பு எல்லாவற்றையும் இடக்கையாலேயே நீட்டினேன்.

"உனக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ? இடக்கையால தாறாய்!"

"வாங்குங்கோ அண்ணா. இது பயிற்சி."

"தேத்தண்ணி தர பயிற்சியோ?"

"ஓம். நீங்கள் வாங்காட்டி நானே குடிச்சிடுவன்."

முணுமுணுத்துக்கொண்டு வாங்கினார். நாலாம் நாள் முணுமுணுப்பும் நின்றுவிட்டது.

தேர்வன்று அண்ணாதான் டட்சனில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வரமாட்டேன் என்று காரிலேயே இருந்தார். முதல் அட்டை எண்பத்தொன்று. இரண்டாவதில் அவசரப்பட்டேன். இரண்டு குண்டு வெளியே போய் அறுபத்தொன்பது. கடைசிப் பத்துக் குண்டில் அறுபது வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் கையை முற்றாகக் கீழே இறக்கி, ஓய்ந்து, மறுபடி தூக்கினேன். அவசரப்படுவது என் பிறவிக் குணம். அன்று மட்டும் அதை மடக்கி வைத்தேன். பத்தாவது வெடித்ததும் அடைப்பைத் திறந்து, குழல் மேட்டைப் பார்த்தபடியே மேசையில் வைத்து, இரண்டு அடி பின்னால் வந்தேன்.

மூன்றாவது அட்டை எண்பத்து நாலு. கூட்டினால் இருநூற்று முப்பத்து நாலு. மேற்பார்வையாளர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, என்ன பிஸ்டல் வாங்கப்போகிறாய் என்று கேட்டார். சிரித்த அந்த இரண்டுபேரும் பக்கத்தில்தான் நின்றார்கள். நான் ஒரு மூச்சில் சொன்னேன்: இருபத்திரண்டு, நீளக் குழல், ஒரு கிலோவுக்குக் குறையக்கூடாது, ஒல்லியான மொட்டைக் கைப்பிடி. அவர் கடிதத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். "நல்ல தெரிவு" என்று மட்டும் சொன்னார். வேறு யாரும் என் உயரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காருக்கு வந்ததும் அண்ணா அட்டைகளைப் பறித்து, கண்ணாடியருகே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த ஓட்டையெல்லாம் நீ போட்டதே?"

"பின்னை ஆர்?"

மூன்றாவது அட்டையை மட்டும் மடிக்காமல் எடுத்து, சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார், அது அடங்கவில்லை. காரின் பின் கதிரையில் கவனமாகப் படுக்க வைத்தார்.

"அம்மாவுக்குக் கார்ப் படத்தோட இதையும் அனுப்புவம். என்னெண்டு எழுத?"

"உங்கட மகள் பாஸ் எண்டு எழுதுங்கோ. மற்றதை நான் எழுதிறன்."