கண்ணுக்குத் தெரியாத தீ

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பொன்னேரி சந்தைக்கு நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில்தான் இறால் கொண்டுபோகிறோம். பெட்ரோல் பங்க்கில் அவர் வண்டியைவிட்டு இறங்க மாட்டார். பின்னால் கட்டிய பெட்டியின் பாரத்தில் வண்டி சாய்ந்துவிடும். நான் மட்டும் இறங்கிப் பெட்டியைப் பிடித்துக்கொள்வேன்.

போன மாதமும் அப்படித்தான். "ஃபுல்லா போடும்மா" என்றார் பங்க் பெண்ணிடம். டேங்க் நிரம்பி, பெட்ரோல் இன்ஜின் மேல் வழிந்தது.

"ஸ்டார்ட் பண்ணாதண்ணா, தள்ளிக்கினு போ" என்றாள் அவள். பின்னால் ஹார்ன் சத்தம். அந்த அவசரத்தில் அவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டார்.

கூரையில்லாத பங்க்; உச்சி வெயிலில், பற்றிய தீ கண்ணுக்கே தெரியவில்லை. ஏரி வற்றிய தரையில் கானல் ஆடுமே, அதுபோல அவர் முழங்காலருகே காற்று மட்டும் நெளிந்தது. அத்தனை அழகு. மெய்மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். லுங்கியின் ஓரம் தானாகக் கருகிச் சுருண்டபோதுதான் உறைத்தது. இறால் மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்கை உருவி இன்ஜின் மேல் போட்டு அமுக்கினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பி, அடங்கியது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார், வண்டிமேல் உட்கார்ந்தபடியே.

இப்போதெல்லாம் முதலில் பெட்டியை இறக்குகிறேன், பிறகு அவரை. எவ்வளவு ஹார்ன் அடித்தாலும், ஈரச் சாக்கு என் கைக்கு வந்த பிறகுதான் டேங்க் மூடி திறக்கும்.