மணலாக இருந்த மலை: வடமதுரைக்கு அப்பால் ஒரு காலை

என் கணவரும் நானும் ஒரே வகுப்பில் நிலவியல் படித்தவர்கள். அவர் திண்டுக்கல்காரர், இப்போது வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. கடவூர் மலைக்கு இருவரும் சேர்ந்து போவதென்று கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்தோம். ஆசை இருக்கு தாசில் பண்ண! ஒவ்வொரு விடுப்பையும் ஏதாவது வந்து கெடுத்தது. இந்த ஜனவரியில் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டட்டுமா என்று ஃபோனில் கேட்டுக்கொண்டே இருந்தார். "உங்க இஷ்டம்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, தனியாகவே கிளம்பிவிட்டேன்.

திண்டுக்கல்லில் காலை ஆறரைக்குத் திருச்சி பஸ். வடமதுரை சுமார் பதினெட்டு கிலோமீட்டர். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு, போக வர அறுநூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். ஓட்டியவர் சவரிமுத்து அண்ணன்.

மலையடிவாரத்தில் வெள்ளைப் பாறையைக் கண்டதும் பழக்க தோஷம், குனிந்து நக்கிவிட்டேன்.

"ஏக்கா, இம்புட்டு தூரம் வந்து கல்லப் போயி நக்குறீங்களே! வைரம் கிய்ரம் இருக்கா?"

"அதெல்லாம் இல்லண்ணே. ஈரமா இருந்தாத்தான் உள்ள இருக்கது தெரியும்."

"அதுக்கு எங்கிட்டத் தண்ணி கேக்க வேண்டியதுதானே?" என்று பாட்டிலைக் கவிழ்த்தார். நான் லென்ஸில் பார்க்க, தண்ணீர் ஊற்றுவது எப்போதும் என் கணவரின் வேலை. 

இந்தப் பாறை ஒரு காலத்தில் வெறும் மணல். மேலே மேலே மண் படிய, ஆழத்தில் அழுத்தமும் சூடும் ஏறும். மணல்மணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் குவார்ட்ஸ் என்ற கனிமம் கரைந்து, பக்கத்து இடுக்கில் மறுபடி படிந்து அடைத்துவிடும். ஊடே இருந்த களிமண் மெல்ல மெல்ல மினுக்கும் காக்காப்பொன்னாக, அதாவது மைக்காவாக, மாறும். இந்த மலை அதையும் தாண்டி வெந்தது. மணியின் விளிம்புகூட மிஞ்சவில்லை. ஆனால் தண்ணீர் பட்டதும் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தன. அன்றைய நீரோட்டம் ஒதுக்கிய கனமான கருமணல், படிந்த வரிசை கலையாமல் அப்படியே இருந்தது. அதைக் காட்ட என் கணவர் பக்கத்தில் இல்லையே என்று அழுகை வந்தது.

போக நினைப்பவர்கள் பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள்; நிழலே கிடையாது. குடிக்கத் தனியாக, பாறைக்குத் தனியாகத் தண்ணீர் எடுத்துப் போங்கள். மலையடியில் சிக்னல் இல்லை.

வடமதுரை திரும்பியதும் அவரை வீடியோவில் அழைத்துப் பாறையை எடுத்த படத்தைக் காட்டினேன்.

"அடியே, கருமணலு! நான் இல்லாமப் போயிட்டியே" என்றவரின் முகம் வாடிவிட்டது.

"இஷ்டம்னு சொன்னது பொய்," என்றேன். "கையெழுத்துப் போடாதீங்க. எனக்கு நீங்க இங்க வேணும்."



"போடல," என்றார். "நீ சொல்லட்டும்னுதான் வெச்சிருந்தேன். வாரேன்."