திரும்ப எடுக்க முடியாத ஜார்

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உங்கள் இருவருக்கும் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் பெரியவள் "கம்ப்யூட்டர் கடை" என்பாள், சின்னவன் "நெல் மில்" என்பான். இரண்டும் பாதி சரி. இப்போது காலையில் ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறேனே, அதற்கு முன்னால் ஒரு வருஷம் நான் செய்தது வேறு வேலை. அது ஏன் போனது என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "சீசன் சரியில்ல" என்று சொல்லி வைத்தேன். சீசன் நன்றாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது. அதை எழுதி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். டிப்ளமோவையே தட்டுத்தடுமாறி முடித்தவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பாய் ஒருவர் பிரிண்டர் விற்கிற, ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருக்கிறார். நான் இதே கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்து காஞ்சிபுரத்தில் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் கடைக்குப் போய்வருவேன். ஒருநாள் பாய் கேட்டார்: "தம்பி, இங்க சுத்தி எத்தினி ரைஸ் மில்லு கீது? எல்லாம் இன்னும் கார்பன் பேப்பர் வச்சு சீட்டு எழுதிகினு கீறாங்கோ. நீ அந்த கம்பெனிய வுட்டுட்டு இங்க வா. சீட்டு அடிக்க சாப்ட்வேர் பண்லாம்." விட்டுவிட்டு வந்தேன். உங்கள் அம்மாவுக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனாலும் தடுக்கவில்லை.

மில்லில் சீட்டு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நெல்லைக் கொண்டுவந்து எடை போடுவார்கள், ஈரம் பார்ப்பார்கள், ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். அதையெல்லாம் தமிழில் வரிவரியாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அந்த அச்சடிக்கும் பகுதி மட்டும் என் வேலை. மில்காரர்கள் பார்க்கிற திரையைச் செங்கல்பட்டில் இருக்கும் ஒருத்தர் எழுதினார். நான் எழுதியதை ஒரு ஜாராகக் கட்டி இன்டர்நெட்டில் இருக்கிற பொதுக் கிடங்கில் வைப்பேன். அவர் அங்கிருந்து எடுத்துத் தன் திரையோடு சேர்த்துக்கொள்வார்.

ஜார் என்றால் ஜாவாவில் எழுதியதைக் கட்டிய ஒரு மூட்டை. அந்த மூட்டையைக் கட்டித்தருவது மேவன் என்கிற பில்ட் டூல். மில்லுக்குள் நெல் போகிற வழியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெஷின் கல் பொறுக்கும், ஒன்று உமி நீக்கும், ஒன்று தவிடு எடுக்கும், கடைசி மெஷின் சாக்கின் வாயைத் தைக்கும். பில்ட் டூலிலும் அப்படித்தான். அந்த மெஷின்களுக்குப் பெயர் பிளகின். எது எதற்கு முன்னால் ஓட வேண்டும், எதை எப்படித் திருகி வைக்க வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுத வேண்டும். சீட்டு அச்சடிக்கிற புரோகிராமை நான் ஒரு மாதத்தில் எழுதினேன். இந்த ஒரு ஃபைலைச் சரிபண்ண இன்னொரு மாதம் ஆனது. ஒரு இடத்தில் திருகினால் இன்னொரு இடத்தில் கழன்றுகொள்ளும்.

பொதுக் கிடங்கு யாருக்கும் சொந்தமில்லை, உலகத்துக்கே பொது. தனியாக சர்வர் வைக்க எங்களுக்கு வசதியில்லாததால் அங்கே வைப்பது என்று முடிவு செய்தோம். அங்கே வைக்க ஆயிரம் சடங்கு. ஜாரோடு அதன் மூல நிரல் வேண்டும், விளக்கம் வேண்டும், எழுதியவர் பெயர் வேண்டும், என் டிஜிட்டல் சாவியால் எல்லாவற்றிலும் கையெழுத்து வேண்டும். எல்லாம் இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டபின் ஒரு விதி உண்டு. ஒருமுறை வெளியிட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அதே பதிப்பு எண்ணில் மாற்றி வைக்கவும் முடியாது. வேறு யாரோ ஒருத்தர் அதை நம்பித் தன் வேலையைக் கட்டியிருக்கலாம் அல்லவா, அதற்காக. நல்ல விதிதான். இப்போதும் அதை நான் குறை சொல்லமாட்டேன்.

தை மாதக் கடைசி, அறுவடை தொடங்கிவிட்டது. ஏரியைத் தாண்டி இருக்கிற பெரிய மில்லின் முதலாளி எங்கள் சீட்டை முதலில் தன் மில்லில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். மற்ற மில்காரர்கள் அவரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பாய் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அவரு சரின்னா இந்த தாலுக்கா பூரா நம்ம சீட்டுதான். உனுக்கு உத்திரமேரூர்லயே ஆயுசுக்கும் வேல. இல்லன்னா நான் பிரிண்டர் ரிப்பேருக்குப் போறேன், நீ உன் கம்பெனிக்குப் போ." விளையாட்டாகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை செங்கல்பட்டுக்காரர் ஒன்று கேட்டார். சீட்டின் அடியில் எந்தப் பதிப்பு என்று எண் அச்சாக வேண்டும், நாளைக்கு ஒரு தகராறு வந்தால் எந்த ஜார் அடித்த சீட்டு என்று தெரியும் என்றார். நியாயம்தான். அதற்கென்று ஒரு பிளகின் உண்டு. சீட்டின் மாதிரி வடிவம் இருக்கிற ஃபைலில் ஓர் அடையாளம் வைத்துவிட்டால், கட்டும்போது அந்த இடத்தில் எண்ணை அதுவே நிரப்பும். அதை இயக்கிவிட ஒரு வரி போதும். நான் அந்த வரியைப் போட்டேன். எந்த ஃபைலுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. அந்த ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றுக்கும் என்று ஆகிவிட்டது. அதே ஃபோல்டரில்தான் தமிழ் எழுத்துக்கு உருவம் தருகிற ஃபான்ட்டும் இருந்தது. ஃபான்ட் படிக்கிற எழுத்து இல்லை, மெஷினுக்கான எண்கள். பிளகின் அதையும் எழுத்து என்று நினைத்து வாசித்து, புரியாத இடத்தையெல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிவிட்டது. சாக்கின் மேல் முத்திரை குத்தச் சொன்னால் உள்ளே இருக்கிற அரிசியிலும் குத்திய மாதிரி.

ஜார் முன்பு கட்டிப் பார்த்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்தேன். ஒரு எண் சேர்ந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு எண்ணுக்கு அவ்வளவு கனம் ஏது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மில்லுக்குப் போய் அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஒரு சீட்டு அடித்துப் பார்த்துவிட்டு, மத்தியானம் வெளியிடலாம் என்று இருந்தேன். அம்மா போட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனால் பாய் வாசலிலேயே நிற்கிறார்.

"தம்பி, மில்லு மொதலாளி போன் பண்ணிகினே கீறாரு. பத்தரைக்கு ராகு காலமாம். அதுக்கு முன்ன போட்டுடணுமாம்."

"மில்லுல ஒரு தபா அடிச்சுப் பாத்துட்டு வந்துடறேன் பாய். மத்தியானம் போட்டுக்கலாம்."

"பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். அப்புறம் எனக்குத் தொழுகை. சாய்ந்தரம் அவரு ஊர்ல இல்ல. உன் மெஷின்ல அடிச்சுப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"தமிழ்ல வந்துச்சா?"

"தமிழ்லதான் வந்துச்சு."

"அப்புறம் இன்னா பேஜாரு? போடுப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ராகு காலத்துக்கும் உங்களுக்கும் இன்னா பாய்?"

"எனக்கு இன்னா கீது? கஸ்டமருக்கு ராகு காலம்னா கடைக்கும் ராகு காலம்தான். மணி பத்தாவுது பாரு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பாய் அடிக்கிற ஆள் இல்லை, திட்டுகிற ஆளும் இல்லை. மில்லுக்குப் போய்வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை நான் கேட்டு வாங்கவில்லை. பத்து இருபதுக்கு 1.0.0 என்று வெளியிட்டேன். கிடங்கு எல்லாவற்றையும் சோதித்தது. கையெழுத்து சரி, மூல நிரல் சரி, விளக்கம் சரி. உள்ளே ஃபான்ட் செத்துக் கிடப்பதை அது எப்படிப் பார்க்கும்? பாய் ஒரு பெட்டி மில்க் பேடா வாங்கிவந்தார். அதில் நாலு நீங்கள் தின்றீர்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குமேல் மில்லில் சீட்டு அடிக்கத் தொடங்கினார்கள். நானும் போயிருந்தேன். ஏழரை முதல் ஒன்பது அன்றைக்கு ராகு காலம் என்பதால் அதுவரை டிராக்டர்கள் காத்துக்கிடந்தன. முதலில் நின்றது ஒரு அக்கா, தன் நெல்லைத் தானே டிராக்டரோடு கொண்டுவந்தவர். எடை முடிந்தது. முதலாளி அவரே பட்டனைத் தட்டினார். சீட்டு வந்தது. எண்கள் இருந்தன. அடியில் 1.0.0 என்று அழகாக இருந்தது. மற்ற இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டம். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாபா இது, சீட்டு கேட்டா கட்டங் கட்டமா குட்த்துகீற? ஆடுபுலி ஆட்றதுக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், "யக்கா, நீ புலி எட்த்துக்கோ, ஆட்ட எனுக்கு வுடு," என்றார்.

"மில்லுக்கு வந்தா நாம எல்லாமே ஆடுதான்டா," என்றார் அக்கா.

நான் பக்கத்தில் போய், "அக்கா, மேல கீற நம்பரு எடை. கீழ கீறது கழிச்சது," என்றேன்.

"நீ சொல்ற. சீட்டு சொல்லணும்ல?"

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ராகு காலத்துக்கு முன்னாடியே போட்டுட்டேன்னு சொன்னியே?"

"போட்டுட்டேங்க."

"அப்புறம் இன்னா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய கார்பன் புத்தகத்தை எடுத்தார்.

அங்கேயே வேப்பமரத்தடியில் என் லேப்டாப்பைத் திறந்து ஜாரைப் பிரித்துப் பார்த்தேன். ஃபான்ட் திறக்கவில்லை. என் வீட்டில் மட்டும் எப்படித் தமிழ் வந்தது என்று கேட்பீர்கள். அதுவும் நான் எழுதிய வரிதான். ஃபான்ட் திறக்காவிட்டால் மில் நின்றுவிடக்கூடாது, அந்தக் கம்ப்யூட்டரில் எந்த ஃபான்ட் இருக்கிறதோ அதை வைத்து ஓசைப்படாமல் அடித்துவிடு என்று எழுதியிருந்தேன். என் லேப்டாப்பில் வேறு தமிழ் ஃபான்ட் இருந்தது. மில்லின் பழைய கம்ப்யூட்டரில் ஜாவாவுக்குக் கிடைக்கிற தமிழ் ஃபான்ட் எதுவும் இல்லை. எழுதியபோது அந்த வரியைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அது இல்லாமல் இருந்திருந்தால் வியாழக்கிழமையே என் மெஷின் கத்தியிருக்கும்.

ஃபான்ட்டைத் தொடாதே என்று பிளகினுக்குச் சொல்ல இரண்டே வரிகள்தான் தேவைப்பட்டன. போனிலிருந்து நெட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, பதினொன்றரைக்குள் 1.0.1 வெளியிட்டேன். அதை மில்லின் கம்ப்யூட்டரில் தனியாக ஓட்டி ஒரு சீட்டும் அடித்தேன். தமிழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் கையால் எழுதிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது," என்றார். "ஆனா மொத சீட்டு அப்பிடி வந்துட்ச்சே. இனிமே நான் இத்த குட்த்தா எவனும் நெல்ல எறக்கமாட்டான். நீ போய்வா."

கடையில் பாய்க்கு அதற்குள் செய்தி போயிருந்தது.

"அத்த அங்கேர்ந்து எட்த்துடு தம்பி."

"எடுக்க முடியாது பாய்."

"நீதான வச்ச?"

"வச்சது நான்தான். எடுக்க நம்மால ஆவாது."

"இன்னாபா கிடங்கு அது? நம்ம மூட்ட, நாம எடுக்கக்கூடாதா?" என்றார். பிறகு ரொம்ப நேரம் ஒரு பிரிண்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு வாரம் நான் ஒவ்வொரு மில்லாகப் போனேன். 1.0.1 அடித்த சீட்டைக் காட்டினேன். எல்லோரும் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். ஒரு மில்லில் என்னைப் பார்த்ததும் "கட்டம் வந்துட்டாருபா" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். மாசி முடிவதற்குள் மில்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சென்னையிலிருந்து வேறு ஒரு சாப்ட்வேரை வாங்கிக்கொண்டார்கள். செங்கல்பட்டுக்காரர் போன் செய்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்தத் திரையில இனிமே வேல இல்ல. உங்க ஜாரை என் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டேன்," என்றார். அவர் ஒருத்தர்தான் அதை எடுத்துப் பயன்படுத்தியவர்.

பங்குனியில் பழைய கம்பெனிக்குப் போய் நின்றேன். முன்பு பார்த்த இடம் இல்லை, கான்ட்ராக்டில் பேக்கிங் பிரிவு கொடுத்தார்கள். லேப்டாப்பைப் பரணில் போட்டேன். சாவியின் கடவுச்சொல்லை எங்கே எழுதி வைத்தேன் என்று மறந்துவிட்டது. தேடவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் என் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள், என் பெயர் போட்ட ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"நைனா, இது உன் பேருதான? ரெண்டு கீது."

"ஆமா. மொதல்ல வச்சது தப்பு. ரெண்டாவது சரி."

"சரியா கீறத்த யாராச்சும் எட்த்தாங்களா?"

"இல்ல."

"தப்பா கீறத்த அழிச்சுடேன்."

"அழிக்க முடியாதுமா."

"நாங்க பெரிசானப்புறம் கூடவா?"

"அப்பவும் இருக்கும்," என்றேன்.

பெரியவளே, தம்பிக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தாயோ என்னவோ, அவன் வருவதற்குள் அதை மூடிவிட்டு போனை என் கையில் கொடுத்தாய். நான் மறுநாள் காலை பஸ்ஸுக்குச் சட்டையை எடுத்து வைக்கப் போனேன்.