மச்சானின் லொறியும் என் சிங்களமும்

என் அக்கா விஜயலெட்சுமிக்குச் சிங்களம் வாயில் வரும், எழுத்தில் வராது. பெரகல கடைகளில் மாவும் பருப்பும் வாங்கியே பேசிப் பழகியவள். பல வருசம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அழுகிற குழந்தைகள் அத்தனையையும் ஒரே அதட்டலில் அடக்குவாள். அதே அதட்டல்தான் எனக்கும். எனக்குத் தலை நரைத்துவிட்டதை அவள் கணக்கில் எடுப்பதில்லை.

நான் நோர்வேயில் இருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழிலும், பிறகு பதுளையில் சிங்களத்திலும் படித்தவன். இரண்டு மொழியிலும் பயப்படத் தெரியும் என்பதுதான் அந்தப் படிப்பால் வந்த லாபம். விமான நிலையத்தில் கடவுச்சீட்டு பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்; பிறகு, தொட்டது கடவுச்சீட்டைத்தானா என்று எடுத்துப் பார்ப்பேன்.

இந்த முறை வந்தது அக்கா மகள் தனுஜாவின் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை நுவன், பண்டாரவளைச் சிங்களப் பையன். பதுளையில் இருவருக்கும் ஒரே அலுவலகம். கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு அவனும் அவனுடைய தாயும் தகப்பனும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. அதற்குச் சில நாள் முன்பு அக்கா ஒரு பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தனுஜா பெரியபிள்ளையான சடங்கின் வீடியோ. அதில் அக்கா புருசன், என் மச்சான் இராமையா பேசுகிறார். கொழுந்து லொறி ஓட்டியவர். மாரடைப்பில் போய்விட்டார்.

“அவரு பேசுறதுக்குக் கீழ சிங்கள எழுத்துப் போட்டுக் குடு தம்பி.”

“ஏன்க்கா, பக்கத்துல இருந்து நீயே சொல்லிடலாமே?”

“நா சொன்னா நா சொன்னதா ஆயிரும். புள்ள வேற சனத்துக்குள்ள போறா. அவளுக்குக் கேக்க ஒரு ஆளு இருந்தாருன்னு அந்தாளு பேச்சுலயே அவுங்களுக்குத் தெரியணும்.”

பதுளை பஜாரில் ஷுக்ரியின் வீடியோக் கடைக்குப் போய் டிஸ்க்கை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் கதிரையில் மச்சான். வீடியோக்காரர் ஏதாவது பேசச் சொல்கிறார். மச்சான் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பேசுகிறார்:

“என்னத்தப் பேசச் சொல்ற? எம்புள்ளைய எவனாச்சும் அழ வச்சான்னா, அவம்மேல லொறிய ஏத்திட்டு, ரிவர்ஸ்லயும் ஒருக்கா வருவேன். அவ்வளவுதான். எல்லாரும் சாப்பிட்டுப் போங்க.”

எழுந்து போய்விடுகிறார்.

நிறுத்தி, மறுபடி போட்டுக் கேட்டேன். சம்பந்தி வீட்டார் வடையைக் கையில் வைத்துக்கொண்டு இதை வாசித்தால் என்ன ஆகும்? கல்யாணம் நிற்கும். நான் போட்ட எழுத்தால் நின்றது என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகும். யோசித்து யோசித்து இப்படி எழுதினேன்: ‘என் அருமை மகளின் கண்களில் கண்ணீர் வராமல் காப்பவருக்கு என் உளமார்ந்த நல்லாசிகள் உரித்தாகட்டும்.’ சிங்களத்தில் அது இன்னும் மோசம். அமைச்சர் விடுக்கும் புத்தாண்டுச் செய்தி மாதிரி இருந்தது. நீளமும் அதிகம். மச்சான் எழுந்து போன பிறகும் வெறும் கதிரைக்குக் கீழே ஆசி ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டு டிவியில் சிங்கள எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. அதனால் எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட்டேன். இனி எந்த டிவியிலும் தெரியும், யாராலும் அழிக்க முடியாது என்று அக்காவிடம் பெருமையாகவும் சொன்னேன். அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே என்ற தைரியம்.

ஞாயிறன்று வீடியோ போடும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நுவனின் அம்மா மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். ஆகவே அவருக்காக நுவனின் அப்பா, பழைய பஸ் சாரதி, திரையில் வந்த எழுத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். இதை நான் யோசித்திருக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் யோசித்திருந்தேன்.

“உளமார்ந்த நல்லாசிகள்” என்று அவர் சிங்களத்தில் முடித்தபோது அக்கா தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள்.

“யாரு, எம்புருசனா? அந்தாளு ஆசியெல்லாம் குடுக்க மாட்டாரே. தம்பி, அந்த எழுத்த எடு.”

“எடுக்க முடியாதுக்கா. படத்தோட பதிஞ்சிருச்சி.”

“நல்லாப் படிச்ச போ.”

தட்டை என் மடியில் வைத்துவிட்டு அவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள். லொறியைச் சொன்னாள். ரிவர்ஸைச் சொன்னாள். பிறகு, மச்சான் சொல்லாத ஒன்றையும் அதே மூச்சில் சேர்த்தாள்: “நான் இல்லாவிட்டால் என் பெண்சாதி ஓட்டுவாள்.”

அக்காவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மடியிலிருந்த தட்டை நான் நுவனின் அப்பாவிடம் நீட்டினேன்.

நுவனின் அப்பா தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். “என்ன லொறி?” என்று கேட்டார்.

அக்கா லொறிக் கம்பனியின் பெயரைச் சொன்னாள்.

“அது ரிவர்ஸில் இழுக்காதே. அதுவும் இந்த மலையில்.”

“அவர் எடுத்தால் இழுக்கும்.”

“அப்படியென்றால் நல்ல சாரதிதான்” என்றார் அவர். பிறகு மகன் பக்கம் திரும்பி, “கேட்டதா? ஒரு தடவை முன்னுக்கு, ஒரு தடவை பின்னுக்கு” என்றார். நுவன் எழுந்து நின்றே தலையாட்டினான். அவன் அம்மா கண் கலங்கச் சிரித்து, அந்த இடத்தை இன்னொரு முறை போடச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கல்யாணத்துக்குள்ள சரியாப் போட்டுக் குடு. லொறி, ரிவர்ஸு, பொண்டாட்டி ஓட்டுவா. எல்லாம் வரணும்.”

“கடைசி வரி மச்சான் சொல்லலியேக்கா.”

“நீ போட்டத மட்டும் அவரு சொன்னாராக்கும்?”

மடிக்கணினியைத் திறந்து, எழுத்துப் பதியாத பழைய வீடியோவை எடுத்தேன். அந்த வரிக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. மச்சான் எழுந்து போன பிறகு வீடியோக்காரர் வெறும் கதிரையையே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அதன் கீழே போட்டேன்.