கூடத்தில் விரித்த ஆட்டப் பாய்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு முன்னால் இரண்டு பாய்கள் பக்கத்துப் பக்கத்தில் விரிந்து கிடக்கின்றன. படுப்பதற்கான பாய்கள் அல்ல. தடித்த பிளாஸ்டிக்கில் செய்தவை. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு வெற்றுக் கட்டம், நான்கு பக்கமும் நான்கு அம்புகள். பாட்டு ஓடும்போது திரையில் அம்புகள் கீழிருந்து ஏறி வரும். எந்த அம்பு மேல்கோட்டைத் தொடுகிறதோ, பாயில் அதே அம்பைக் காலால் மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் மணியடித்த மாதிரி ஒரு சத்தம். தப்பாக மிதித்தால் திரையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பூனை முகத்தைச் சுளிக்கும்.

இந்தப் பூனையிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவர் என் கணவர்.

அவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே சில வருடங்கள் வேலை பார்த்த ஜப்பான்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். ஒருத்தருக்கு ரைஸ் குக்கர், இன்னொருத்தருக்கு சைக்கிள். "உனக்குப் பெண் இருக்கிறாளே" என்று என் கணவரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தாராம். பெட்டி முழுக்க ஜப்பானிய எழுத்து. என்னவென்று புரியாமல் பரணில் போட்டுவிட்டோம்.

அது பிறகு கூடத்திலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் என் மகளின் இடது கால்.

போன மழைக்காலத்தில் அவள் ஸ்கூட்டியில் படப்பைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலேஜில் இரண்டாம் வருடம். வளைவில் ஒரு டிரெய்லர் லாரி இவளை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. இவள் சேற்றில் சறுக்கி விழுந்தாள், வண்டி அவள் காலின் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்துவிட்டன. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அந்த இரண்டு எலும்புகளை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து பெயர் எழுதியிருக்கிறேன். இந்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது ஒரு மாணவியைக் கூப்பிட்டு வரையச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நாங்கள் இருப்பது பிள்ளைப்பாக்கத்தில். ராத்திரி பகல் இல்லாமல் கண்டெய்னர் லாரிகள் போகும். பிரேக் போடும்போது 'புஸ்ஸ்' என்று காற்று விடும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். முன்பெல்லாம் அது காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அது தாண்டிப் போகும்வரை காத்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில்கூட ஒன்று போனது.

ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, இனி முழு பாரத்தையும் போடலாம் என்றார். மகள் போடவில்லை. சுவர், ஃபிரிட்ஜ், ஊன்றுகோல், என் தோள், எது கிடைத்தாலும் அதன்மேல் சாய்ந்தாள். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர்.

"எலும்பு சேந்துடுச்சு மேடம். ஆனா இப்டியே காலைப் பொத்திப் பொத்தி வெச்சா தசை மெலிஞ்சிடும். அப்பறம் நொண்டல் நிரந்தரமாயிடும். நாற்காலியைப் பிடிச்சுக்கினு வலது காலைத் தூக்கணும், இடது காலு மேல நிக்கணும். அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' அவளால் முடியவில்லை. வலது காலைத் தூக்குவாள், கட்டைவிரல் நுனி மட்டும் தரையை விட்டு வராது. நான் அவள் முழங்கை பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

"மா, நீ பாத்துன்னு சொன்னாதான் எனக்கு பயமே வருது. கொஞ்சம் தள்ளிப் போயேன்."

தள்ளிப் போய் சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். அதற்கும் திட்டுவாள்.

வெளியே நடக்கப் போகலாமென்றால் எங்கள் தெருவில் கம்பெனி பஸ்கள் ரிவர்ஸ் எடுக்கும், தண்ணி லாரி வரும், நாய்கள் துரத்தும். மாடியில் வெயில். அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணில் எதையோ தேடிய கணவர் அந்தப் பெட்டியை இறக்கினார். மகள் திறந்து பார்த்துவிட்டு, "ப்பா, இது டான்ஸ் கேம்ப்பா! இவ்ளோ நாளா மேலயா போட்டு வெச்சிருந்தீங்க?" என்று கத்தினாள். விபத்துக்குப் பிறகு அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

பாட்டுகளின் பெயரைப் படிக்கத் தெரியாததால் படத்தை வைத்துப் பெயர் வைத்தோம். குடைப் பாட்டு, ரயில் பாட்டு, நூடுல்ஸ் பாட்டு. முதலில் மகள் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தால் தட்டினாள். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரத்தில் நாற்காலியையும் விட்டுவிட்டாள். உடற்பயிற்சிப் பெண் பார்த்துவிட்டு, இதுவே நல்ல பயிற்சி, தினமும் ஆடட்டும் என்றார். எனக்கும் சந்தோஷம்தான், கூர்ந்து கவனிக்கும் வரைக்கும்.

அவள் வலது காலை நடுக்கட்டத்தில் கம்பம் மாதிரி ஊன்றிவிடுவாள். எல்லா அம்புகளையும் இடது கால்தான் தொடும், சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி. பார்க்கிறவர்களுக்கு அடிபட்ட கால்தான் ஓடியாடுவதாகத் தோன்றும். உடம்பின் பாரம் ஒரு முறைகூட அதன்மேல் இறங்காது. நான் அதைச் சொன்னதும் டிவியை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு சொல்வதில்லை. ஆனால் காலேஜ் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கம்பம் எப்போது நகரும் என்பது ஒன்றுதான் அந்த நாட்களில் என் மனதில் ஓடியது.

இதற்குள் கணவரும் சேர்ந்துகொண்டார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் முகம் கழுவிவிட்டு வலது பக்கப் பாயில் ஏறி நிற்பார். மகள் இடது பக்கப் பாயில். ஆட ஆரம்பித்த முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. இடது அம்பு வந்தால் அவர் வலது பக்கம் போகிறார். வலது அம்பு வந்தால் இடது பக்கம். மேலும் கீழும் சரியாக மிதிக்கிறார். பக்கவாட்டில் மட்டும் ஒரு தடவைகூடத் தவறாமல் தப்பாகப் போகிறார்.

"ப்பா, லெஃப்ட்!"

"லெஃப்ட்தானே வெச்சேன்?"

"அது ரைட்டுப்பா!"

"இரு, இரு. எனக்கு லெஃப்ட்டு, உனக்கு... ஆமா, இல்ல, ரெண்டு பேரும் ஒரே பக்கமா பாத்துக்கினுல்ல நிக்கிறோம்?"

காரணம் அவரே கண்டுபிடித்தார். அவர் கம்பெனியில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் எல்லாரும் வரிசையாக நின்று கைகால் நீட்டி உடற்பயிற்சி செய்ய வேண்டும். முன்னால் ஒரு மேடை. அதில் லைனைப் பார்த்தபடி நின்று செய்துகாட்டுவது பல வருடங்களாக இவர்தான். எதிரே நிற்பவர்கள் இவரைக் கண்ணாடி மாதிரி பார்த்துச் செய்கிறவர்கள். அதனால் 'லெஃப்ட்' என்று குரல் கொடுத்துவிட்டு இவர் வலது கையைத் தூக்க வேண்டும். வருடக்கணக்கில் காலைதோறும் அப்படிச் செய்து செய்து, லெஃப்ட் என்று கேட்டாலே, நினைத்தாலே உடம்பு வலது பக்கம் போகும்படி ஆகிவிட்டது.

கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் அக்கா இருக்கிறார். அறுபதை நெருங்குகிறவர். நிலத்தில் ஒரு பகுதியை விற்று இந்த வீட்டைக் கட்டியவர். ஒரு நாள் மாலை மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"டீச்சர், இன்னா மேல மாவு இடிக்கிறீங்களா? எங்கூட்டு ஃபேனு ஊஞ்சல் கணக்கா ஆடிக்கினு கீது!"

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் கண் டிவிக்குப் போய்விட்டது. கணவர் கவனிக்காமல் வேர்த்து வழிய ஆடிக்கொண்டிருந்தார். பூனை முகத்தைச் சுளித்தது.

"அந்தப் பூன ஏன் சாரை மொறைக்கிது?"

"தப்பா ஆடுறார்ல ஆன்ட்டி, அதான்," என்றாள் மகள்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் வந்தார். அதுவரை டிவியில் பூனை ஒன்றுதான் கணவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது இரண்டு பேர் ஆயிற்று.

"சார், லெப்ட்டுன்னா ரைட்டுல போறீங்களே, கம்பெனில வண்டியும் இப்டிதான் செய்றீங்களா? ரோட்ல போறவன் கதி இன்னாவறது?"

"அக்கா, நாங்க பார்ட்ஸ்தான் செய்றோம். வண்டியை வேற ஆள் மாட்டுவான்."

"அவன் புண்ணியவான்."

அந்த மாலையை நான் மறக்க மாட்டேன். நான் வெங்காயப் பக்கோடா போட்டு ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ரயில் பாட்டு ஓடியது. இருப்பதிலேயே வேகமானது. அம்புகள் சடசடவென்று ஏறின. மகள் வழக்கம்போல வலது காலை ஊன்றிக்கொண்டு இடது காலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வலது அம்பு வந்தது. மகள் "ரைட்டு!" என்று கத்தினாள். கணவர் முழு வேகத்தில் இடது பக்கம் பாய்ந்தார்.

அவருடைய தோள் அவளை இடித்தது. அவள் இடது பக்கம் தள்ளப்பட்டாள். அவர் காலடியில் பாய் வழுக்கி அவரும் சாய, அவள் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்தாள்.

தட்டு என் கையிலிருந்து நழுவியது. பக்கோடாக்கள் தரையில் உருண்டன. ஒரு கணம் எனக்குக் கூடம் தெரியவில்லை, சேறும் ஸ்கூட்டியும்தான் தெரிந்தன.

பிறகு கூடம் திரும்பி வந்தது. யாரும் விழவில்லை. என் மகள் வலது காலைக் கொக்கு மாதிரி மடக்கித் தூக்கிக்கொண்டு, அப்பாவின் சட்டையை இழுத்துப் பிடித்தபடி, இடது காலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் பாரத்தில் பாதியும் அந்தக் காலில்தான் இருந்தது. திரையில் ரயில் போய்க்கொண்டே இருந்தது.

கணவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "கால்ல பட்டுச்சாம்மா? எங்க பட்டுச்சு? சொல்லுடா."

நாற்காலியில் இருந்த ஹவுஸ் ஓனர் அக்கா முந்திக்கொண்டார்.

"பாப்பா, நீ எந்தக் காலுல நிக்கிறேன்னு குனிஞ்சி பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகாவது வலது காலைக் கீழே வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அப்பாவின் சட்டையை விட்டாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். தொடை நடுங்கியது. நின்றாள்.

"மா," என்றாள் மெதுவாக. "நிக்குதும்மா."

'பாத்து' என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை. "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல. வலிக்கவே இல்ல." அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் காலைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து வெடித்துச் சிரித்தாள். "ப்பா! ரைட்டுன்னா அந்தாண்ட! அந்தாண்டப்பா!"

நான் பக்கோடாக்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. அக்கா காலடியில் கிடந்த ஒரு பக்கோடாவை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி டீச்சர்," என்றார்.

ஒரே மாலையில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் பாயில் ஏறியதும் கம்பம் மறுபடி ஊன்றிக்கொண்டது. ஆனால் இப்போது அவளே அதைக் கவனித்தாள். பாட்டின் நடுவில் ஒரு கணம் நின்று, உதட்டைக் கடித்து, வலது காலை அம்புக்கு நகர்த்தினாள். பாரம் இடது காலுக்கு மாறியது. மணி அடித்தது. அடுத்த அம்பு, இன்னொரு மணி. அதற்குப் பிறகு ஊன்றுகோலுக்குக் கூடத்தில் வேலை இல்லாமல் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டவர் ஹவுஸ் ஓனர் அக்கா. "எனக்கு மூட்டு வலி, குதிக்கல்லாம் ஆவாது," என்று நின்ற இடத்திலிருந்தே ஊன்றுகோலால் அம்புகளைக் குத்தி ஆடினார். நூடுல்ஸ் பாட்டில் எங்கள் எல்லாரையும்விட அதிக மார்க்கு வாங்கினார். இன்றைக்கு வரை அதை யாரும் முந்தவில்லை. கீழ் வீட்டு ஃபேன் ஆடுவதைப் பற்றி இப்போது பேச்சே இல்லை.

கணவரும் தேறினார். தேறியதன் பலனைக் கம்பெனியில் அனுபவித்தார். ஒரு நாள் தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"காலைல மேடையில ஏறி லெஃப்ட்டுன்னேன். லெஃப்ட்டையே தூக்கிட்டேன். லைன்ல பாதி பேர் இந்தப் பக்கம், பாதி பேர் அந்தப் பக்கம். ஒருத்தன் கை இன்னொருத்தன் மூஞ்சில. மேனேஜர் கூப்ட்டு உடம்பு சரியில்லையான்னு கேக்குறாரு."

மகள் சிரித்துச் சிரித்துப் பாயிலேயே படுத்துவிட்டாள்.

நானும் ரகசியமாக ஆடுகிறேன் என்று இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், இவர்கள் யாரும் வருவதற்கு முன், கதவைச் சாத்திக்கொண்டு குடைப் பாட்டு போடுவேன். மெதுவான பாட்டு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதிப்பேன். மூச்சு வாங்கும், முதுகு நனையும். அந்தப் பாட்டு ஓடும்வரை வெளியே எத்தனை லாரி போனாலும் எனக்குக் கேட்பதில்லை. அடுத்த அம்பு எங்கே என்பது மட்டும்தான் எண்ணம். முடிந்ததும் சத்தமெல்லாம் திரும்பி வந்துவிடும். அதனால் சில நாள் இன்னொரு பாட்டும் போடுவேன்.

காலேஜ் திறந்த காலையில் மகள் தனியாகவே போய்க்கொள்கிறேன் என்றாள். காலேஜ் பஸ் தெருமுனையில் நிற்கும். என்னைக் கீழே இறங்கக்கூட விடவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். படியில் இறங்கினாள், தெருவில் நடந்தாள். கொஞ்சம் மெதுவாக, ஆனால் நேராக. முனையில் போய் நின்றாள். அவளைத் தாண்டி ஒரு கண்டெய்னர் லாரி 'புஸ்ஸ்' என்று நின்று திரும்பியது. நான் கம்பியை இறுகப் பிடித்தேன்.

அவள் அந்த லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்புக்குள் கல் புகுந்துவிட்டது போலிருக்கிறது. வலது காலைத் தூக்கினாள். செருப்பைக் கையில் கழற்றி உதறினாள், உள்ளே பார்த்தாள், இன்னொரு முறை உதறினாள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள மின்கம்பம் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. இடது காலில் நின்று, அவசரமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கீழே வாசல் தெளித்துக்கொண்டிருந்த அக்காவும் பார்த்துவிட்டார். வாளியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், சாயங்காலம் ஆட்டம் உண்டா?"

"உண்டுக்கா," என்றேன். "இன்னிக்கு ரயில் பாட்டு எனக்கு."